ராமர்னு சொல்லுங்க!

டெலிபோன் அலறியது.

சகாயராணி எடுக்கவில்லை.

எதிரே ஒரு பெரியவர், எரிகிற மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஊதிய காற்று காதுப் பக்கமாய்ப் போனது.

மறுபடி அலறியது.

"ஊதுங்கய்யா... நிறுத்தாதீங்க! போனு கெடக்கு, அது எங்கயும் ஓடிப் போகாது!"

பெரியவர் ஊதினார். சுடர் ஆடியது... சாய்ந்தது... அணைந்தது!

"அப்படிப் போடுங்க!"

கை தட்டிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஸ்பீச் தெரபி."

"இன்ஸ்பெக்டர் லூர்துசாமி பேசறேம்மா. ஜெயிச்சுட்டீங்க!"

"நானா? எதுல சார்?"

"உங்க பேஷண்ட் குருநாதன் பேசிட்டாரு! நேத்து சாயங்காலம் வார்டுக்குப் போயி, 'உங்கள மண்டையில அடிச்சது யாரு'ன்னு கேட்டேன். தெளிவா... கண்ணுல தண்ணியோட... பேரச் சொன்னாரு. ராத்திரியே ஆளத் தூக்கி உள்ள வெச்சாச்சு!"

"என்ன பேரு சார் சொன்னாரு?"

"ராமர்!"

சகாயராணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சார்... அது அவரு மகன் பேரு சார்!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"குருநாதனுக்கு ஏதும்மா மகன்? புள்ள குட்டியே கெடையாது! ராமர் அவரோட டிரைவர். இன்னைக்கு மூணு மணிக்கு மாஜிஸ்திரேட்டே ஆஸ்பத்திரிக்கு வர்றாரு, வாக்குமூலம் எழுத. நீங்களும் பக்கத்துல நில்லுங்க. பேப்பர்ல பேரு வரும்!"

க்ளிக்.

மகன் இல்லை!

இல்லாத ஒரு மகனின் பெயரை, ஒன்றரை மாதமாக அந்த மனிதரின் வாயில் ஏற்றியது யார்?

அவள்தான்!

*

1983, நவம்பர். கொடைக்கானல் புனித தெக்லா மிஷன் ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவு.

பக்கவாதம் வந்தவர்களை நடக்க வைக்க ஒருவர். கையைப் பழக்க ஒருவர். பேச வைக்க சகாயராணி. வயது இருபத்தாறு. மைசூர் போய்ப் படித்து, பட்டத்தோடு திரும்பியவள். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அப்பா ஏரிக்கரையில் டூரிஸ்டுகளுக்குக் குதிரை பிடிக்கிறவர். அம்மா லாட்ஜ்களுக்குத் துணி வெளுக்கிறவள். ராணி வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவர் ஒரு அடி பின்னால் போவார் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த சேதி.

குருநாதன் அடுக்கம் கிராமத்தில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். வயது ஐம்பத்திரண்டு. ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம், வீட்டுக் கார் ஷெட்டில் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஜாக்கி லிவர்!

உயிர் பிழைத்தது. வலது பக்கம் போனது. பேச்சும் போனது.

மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரியும். மனசுக்குள் பதிலும் இருக்கும். வாய்க்கு மட்டும் வராது. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் அப்படித்தான். இந்த மாதிரி ஆளுக்கு ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பழக்கினால், அந்த வார்த்தை வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்கு ஏற வேண்டும். அதுதான் அவள் தொழில்.

அதில் ஒரு ஆபத்து உண்டு. அடுத்த வார்த்தை வருகிற வரைக்கும் எதைக் கேட்டாலும் அந்த முதல் வார்த்தைதான் வரும்!

சகாயராணி எப்போதும் 'தண்ணி'யில் ஆரம்பிப்பாள். இல்லையென்றால் 'சோறு'.

குருநாதனுக்கு ஆரம்பிக்கப் போன அன்றைக்கு, ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் பரமானந்தம் சொன்னார்.

"தண்ணி என்ன தண்ணி? மனசுக்குப் புடிச்ச ஆளு பேர்ல ஆரம்பி ராணி. வெரசா வரும்."

குருநாதனின் மனைவி சண்முகவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க பையன் ராமர் மேல உசிரையே வெச்சிருக்காரு டீச்சர். ஏற்காட்டுல ஹாஸ்டல்ல படிக்கிறான். அவன் பேரச் சொல்லிக் குடுங்க."

சகாயராணி ஒரு அட்டையை எடுத்தாள். தன் முத்துக் கையெழுத்தில் 'ராமர்' என்று பெரிசாக எழுதினாள். "தினம் அம்பது தடவை சொல்ல வைங்கம்மா" என்று சொல்லி, அந்த அம்மாள் கையில் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம் வார்த்தை வந்தது. சகாயராணி வராந்தாவில் நின்று எல்லோருக்கும் எலந்தப்பழ மிட்டாய் கொடுத்தாள்!

அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குருநாதன் அழுதார். அட்டையை இடது கையால் தள்ளினார்.

பாசம் என்று நினைத்தாள்!

போனை வைத்த சகாயராணி, மெழுகுவர்த்திப் பெரியவரை அனுப்பிவிட்டு, பீரோவைத் திறந்து குருநாதனின் கேஸ் ஷீட்டை உருவினாள். முதல் பக்கம். குடும்ப விவரம்.

'மகன்: 1.'

பச்சை மை. பெரிய டாக்டரின் கையெழுத்து. இந்த ஆஸ்பத்திரியில் பச்சை மை பேனா அவர் ஒருத்தரிடம்தான் உண்டு.

'அவரையும் ஏமாத்தியிருக்கா! அந்தப் பொம்பள எல்லாரையும் ஏமாத்தியிருக்கா!'

கதவு படாரென்று திறந்தது.

*

வாசலில் ஒரு பெண். காலில் செருப்பு இல்லை. முட்டி வரைக்கும் சிவப்பு மண். அடுக்கத்திலிருந்து மலைப்பாதையில் ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"பேச்சுச் சொல்லிக் குடுக்குற டீச்சரு நீதானா?"

"ஆமா. நீங்க?"

"ராமரு பொண்டாட்டி. அன்னக்கொடி."

சகாயராணி எழுந்து நின்றாள்.

"உக்காருங்க."

"உக்கார வரல. போன மாசம் நானும் அவரும் ஐயாவப் பாக்க வந்தோம். ஒரு சீப்பு மலைவாழப்பழம் வாங்கியாந்தோம். அம்மா கட்டில சுத்தித் திரையப் போட்டுக்கிட்டு 'ராமர்னு சொல்லுங்க... ராமர்னு சொல்லுங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எம் புருசன் வெளிய நின்னு என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'ஏ புள்ள, ஐயாவுக்கு எம்மேல எம்புட்டுப் பாசம் பாத்தியா'ன்னு சிரிச்சாரு."

அன்னக்கொடி சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

"ராத்திரி ஜீப்புல ஏத்தயில சட்டை கூடப் போட விடல. ஐயா அடிபட்ட அன்னைக்கி இவரு இங்கயே இல்ல. உர மூட்டை வாங்கியாடான்னு அந்த அம்மாதான் வத்தலக்குண்டுக்குத் தொரத்துச்சு. அதச் சொன்னா எவன் கேக்குறான்? 'மொதலாளியே பேரச் சொல்லிட்டாரு, நீ என்னடா'ன்னு வாயிலயே குத்துறான்."

"அன்னக்கொடி..."

"அந்த அட்டையில எழுதுனது யாரு கையெழுத்து டீச்சரு?"

பேச்சுச் சொல்லிக் கொடுக்கிறவளுக்குப் பேச்சு வரவில்லை!

"என்னோடது" என்றாள் கடைசியில்.

"அப்ப நீயே அழி."

வந்த வேகத்தில் போய், வராந்தா தூணோரம் உட்கார்ந்துகொண்டாள் அன்னக்கொடி.

மணி பன்னிரண்டு பத்து.

மாஜிஸ்திரேட் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது கல்வெட்டு. ராமருக்கு ஏழு வருஷமோ பத்து வருஷமோ!

*

"சொல்லு ராணி."

டாக்டர் பரமானந்தம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் ஒரு தாள். 'நோயாளி வாக்குமூலம் தரும் நிலையில் இருக்கிறார்.' பச்சை மையில் கையெழுத்து இன்னும் ஈரமாய் இருந்தது.

"சார், அத கிழிச்சுப் போடுங்க! குருநாதனுக்கு மகனே இல்ல. அந்தம்மா பொய் சொல்லி, டிரைவர் பேர என் கையாலயே பழக்க வெச்சிருக்கு. இப்ப எதைக் கேட்டாலும் அவரு வாயில அந்தப் பேருதான் வரும். என்னை ஒரு வார்த்தை கேக்காம நீங்க எப்படி சார் சர்டிபிகேட் குடுத்தீங்க?"

டாக்டர் காப்பியை மெதுவாய் வைத்தார்.

"கதவச் சாத்து."

சாத்தினாள்.

"குருநாதன் குடும்பம் எனக்கு ஒம்போது வருஷப் பழக்கம். அந்தம்மா கையால எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்! அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"அப்படிப்பட்டவங்கதான் சார். மாஜிஸ்திரேட்கிட்ட நான் சொல்லப் போறேன்."

"என்னன்னு? 'நான்தான் அட்டை எழுதுனேன், நான்தான் பொய்ச் சாட்சி பழக்குனேன்'னா? உன் வேலை போகும். உன் பட்டம் போகும். ஆஸ்பத்திரி பேரு நாறும். ஒரு டிரைவருக்காகவா?"

"ஒரு டிரைவருக்காகத்தான்."

"ராணி!" குரல் உயர்ந்தது. அப்புறம் பட்டாய் இறங்கியது. "இங்க பாரு... குதிரைக்காரன் மக இந்த நாற்காலி வரைக்கும் வந்ததே பெரிசு. காலு தரையில நிக்கட்டும். இன்னைக்கு லீவு எழுதிக் குடுத்துட்டு அட்டுவம்பட்டிக்கு வீட்டுக்குப் போ. மூணு மணிக்கு நீ வார்டுல இருக்கக் கூடாது. இது உத்தரவு."

"எங்கப்பா குதிரைக்குப் பக்கத்துல நிக்கிறவரு சார். குதிரை எப்ப மெரளும், எதுக்கு மெரளும்னு அவருக்குத் தெரியும். நீங்க எதுக்கு மெரளுறீங்கன்னுதான் எனக்குத் தெரியல!"

"கெட் அவுட்!"

கதவை அவள் அறைந்த அறையில் காப்பிக் கோப்பை குதித்தது.

வராந்தாவில் அப்துல் சலாம் பிடித்துக்கொண்டார். கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். அப்பா பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்க, 'துணி மடிக்கிறதுக்கு முட்டி மடக்குறது மேல்' என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

"என்ன ராணி, பெரிய டாக்டர் ரூம்ல இடி விழுந்த மாதிரி சத்தம்?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சலாம் தாடியைச் சொறிந்தார்.

"சரி. அவரு வாய் பொய் சொல்லுது. எது நிஜம் சொல்லும்?"

"கை!" என்றாள் சகாயராணி. "சலாம் அண்ணே, அவரோட இடது கை எப்படி இருக்கு?"

"மூணு மாசம் நான் பழக்குன கை! ஊசியில நூலே கோக்கும்."

"போதும். நான் கேக்குறது அவருக்குப் புரியும். பதிலக் கையால காட்டட்டும். போட்டோ வேணும். அந்தம்மா பெட் பக்கத்துல ஒரு கல்யாண போட்டோ வெச்சிருக்கு, அது ஒண்ணு. நம்ம கிறிஸ்மஸ் குரூப் போட்டோ ஒண்ணு."

"நம்ம போட்டோ எதுக்கு?"

"பரீட்சைக்கு. மொதல்ல பதில் தெரிஞ்ச கேள்வி கேக்கணும். 'உங்களுக்கு எக்சர்சைஸ் குடுக்கறது யாரு'ன்னு கேட்டு, அவரு உங்களக் காட்டுனாத்தான், அடுத்த பதிலையும் நம்ப முடியும்."

"சண்முகவள்ளிதான் அடிச்சிருக்கும்னு நெனைக்கிறியா?"

"சந்தேகம் வேறயா?"

சகாயராணி அவ்வளவு உறுதியாய் இருந்தாள்.

*

மூன்று மணி. ஆண்கள் வார்டு. ஜன்னலில் பனி வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மாஜிஸ்திரேட் கழுத்தில் மப்ளர், மூக்கில் ஜலதோஷம். பக்கத்தில் பேடும் பேனாவுமாய் அவர் குமாஸ்தா. கால்மாட்டில் இன்ஸ்பெக்டர் லூர்துசாமி. தலைமாட்டில் டாக்டர் பரமானந்தம். கட்டிலோரம் சண்முகவள்ளி, புருஷனின் வாயோரத்தை ஒத்தி எடுத்தபடி. முழுக்கை ரவிக்கை. இழுத்துப் போர்த்திய சேலை.

"ஆரம்பிக்கலாமா?" என்று தும்மினார் மாஜிஸ்திரேட். "மிஸ்டர் குருநாதன், உங்களை அடித்தது யார்?"

குருநாதனின் உதடு துடித்தது.

"ரா... ராமர்... ராமர்..."

கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. இடது கை மெத்தையைப் பிறாண்டியது.

"எழுதிக்கோ" என்றார் மாஜிஸ்திரேட்.

"எழுதாதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் சகாயராணி! பின்னால் சலாம்!

"யாரம்மா நீங்கள்?"

"இவருக்குப் பேச்சுச் சொல்லிக் குடுக்கறவ. இவர் சொல்றது சாட்சி இல்ல சார். நான் குடுத்த வீட்டுப்பாடம்!"

"ராணி, வெளிய போ!" டாக்டர் பாய்ந்தார். "சார், இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல..."

"சரியாத்தான் இருக்கு. ரெண்டே நிமிஷம் குடுங்க சார்." கட்டிலருகே போய் மேஜை மேலிருந்த தம்ளரைத் தூக்கிக் காட்டினாள். "ஐயா, இது என்ன?"

"ராமர்..."

ஜன்னலைக் காட்டினாள். "அது?"

"ராமர்..."

"உங்க பேரு என்ன ஐயா?"

"ராமர்... ராமர்..."

குமாஸ்தாவின் பேனா நின்றது.

"இன்ஸ்பெக்டர் சார், இவரக் காட்டி யாருன்னு கேக்கட்டுமா?" மாஜிஸ்திரேட்டைக் கை காட்டினாள். "இவரையும் ராமர்னுதான் சொல்லுவாரு. ஜீப்புல ஏத்துவீங்களா?"

மாஜிஸ்திரேட் தும்மலை மறந்தார்.

"அப்படியானால் இவருக்கு எதுவும் புரியவில்லை என்கிறீர்களா?"

"எல்லாம் புரியுது சார். அதான் அழுவுறாரு! தப்பான பேரு வாயில வருதேன்னு ஒன்றரை மாசமா அழுவுறாரு. எனக்குத்தான் புரியல."

கிறிஸ்மஸ் போட்டோவைப் பிரித்து மெத்தை மேல் வைத்தாள்.

"ஐயா, பேச வேணாம். விரல் மட்டும். உங்களுக்கு எக்சர்சைஸ் குடுக்கறது யாரு?"

இடது கை எழுந்தது. நடுங்கியது. சலாமின் தாடி மேல் போய் நின்றது.

"கரெக்ட்" என்றார் இன்ஸ்பெக்டர், தன்னையறியாமல்.

அதை ஓரமாய்த் தள்ளிவிட்டுக் கல்யாண போட்டோவை முன்னால் வைத்தாள். மாலையும் கழுத்துமாய் குருநாதன். பக்கத்தில் பதினெட்டு வயசு சண்முகவள்ளி. சுற்றிலும் சொந்தங்கள்.

சண்முகவள்ளியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"ஐயா... உங்கள அடிச்சது யாரு?"

கை கல்யாண போட்டோவுக்கு வந்தது.

கை அந்தப் போட்டோவைத் தள்ளியது. கீழே விழுந்தது.

பிறகு... ஓரத்தில் கிடந்த கிறிஸ்மஸ் போட்டோவைத் தன் பக்கம் இழுத்தது!

விரல் இறங்கியது.

நடு நாற்காலியில், கோட்டும் டையுமாய், சிரித்தபடி...

டாக்டர் பரமானந்தம்!

முதலில் சிரித்தது டாக்டர்தான்.

"பாத்தீங்களா சார்? இந்த வியாதிக்காரங்க ஒரு தடவை காட்டுன எடத்தையே திரும்பத் திரும்பக் காட்டுவாங்க. கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி! அந்தப் போட்டோவிலேயே மாட்டிக்கிட்டாரு. ராணி, நீ படிச்சவதானே? நான் சொல்றது சரியா, தப்பா?"

சரிதான். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவள் படித்த படிப்பாலேயே அவளை அடித்துவிட்டார்!

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "அப்ப ராமர் கேஸ்..."

வராந்தாவில் அன்னக்கொடி எழுந்து நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

'குருநாதன் குடும்பம் எனக்கு ஒம்போது வருஷப் பழக்கம்...'

ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்ட மனுஷனுக்கு, அங்கே பிள்ளை இல்லை என்பது தெரியாதா? பிறகு கேஸ் ஷீட்டில் பச்சை மையில் 'மகன்: 1'?

'தண்ணி என்ன தண்ணி? பேர்ல ஆரம்பி ராணி...'

அவள் நிமிர்ந்தாள்.

"டாக்டர் சொன்னது சரிதான் சார். ரெக்கார்டா இருந்தா கீறல் விழுந்த எடத்தத் தாண்டாது. தாண்டுதான்னு பாத்துருவோம். போட்டோ வேணாம். ஆளுங்களே வரிசையா நில்லுங்க. இன்ஸ்பெக்டர் சார், சலாம் அண்ணே, நீங்க, குமாஸ்தா அய்யா... டாக்டர்."

"இது என்ன சர்க்கஸ்? நான் நிக்க முடியாது!"

"நானே நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள் டாக்டர்" என்றார் மாஜிஸ்திரேட்.

ஐந்து பேர். வரிசையாய்.

"ஐயா, இதுல போலீஸ்காரர் யாரு?"

விரல் லூர்துசாமியைக் காட்டியது.

"உங்கள அடிச்சது யாரு?"

விரல் டாக்டருக்குப் போனது.

"எக்சர்சைஸ் குடுக்கறது?"

சலாம்.

"இப்ப எடம் மாறி நில்லுங்க... ஐயா, இவங்கள்ல மப்ளர் போட்டவர் யாரு?"

மாஜிஸ்திரேட்.

"அடிச்சது?"

கடைசியில் போய் நின்றிருந்த டாக்டரைத் தேடிப் பிடித்தது விரல்!

"மூணாந்தடவை. நடுவுல மத்தது எல்லாமே சரி. மாட்டிக்கிட்டது ரெக்கார்டு இல்ல டாக்டர்..." சகாயராணி விரலை நீட்டினாள். "நீங்க!"

"நான்சென்ஸ்! ஊசி போடறவன் மேல பேஷண்டுக்குக் கோபம் இருக்கும்..."

கேஸ் ஷீட்டை விரித்தாள் அவள்.

"இன்ஸ்பெக்டர் சார், இவங்களுக்கு மகன் உண்டா?"

"கெடையாதுன்னு காலையிலயே சொன்னேனே!"

"ஒம்போது வருஷம் இவங்க வீட்டுல சாப்பிட்ட டாக்டர், 'மகன் ஒண்ணு'ன்னு எழுதியிருக்காரு. பச்சை மை. கேளுங்க சார், அந்த மகன் எங்கன்னு! ஒரு வார்த்தையத் திரும்பத் திரும்பப் பழக்குனா எதுக்கும் அதுதான் பதிலா வரும்னு தோட்டத்து வீட்டுல இருக்கற பொம்பளைக்கு எப்படித் தெரியும்? வைத்தியம் படிச்ச ஆளு சொல்லிக் குடுக்காம?"

டாக்டரின் கால் வாசல் பக்கம் நகர்ந்தது. அங்கே சலாம் நின்றிருந்தார், முட்டி மடக்கும் கைகளோடு.

"எங்க சார் கெளம்பிட்டீங்க? பேஷண்ட் பேசிக்கிட்டிருக்காரு!"

*

உடைந்தது சண்முகவள்ளிதான்.

அழவில்லை. ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தழும்புகள். சில பழசு. சில சுட்டது.

"கல்யாணம் ஆன மொத வருசமே கை ஒடிஞ்சு இவருகிட்டதான் கட்டுப் போட வந்தேன்" என்று டாக்டரைப் பார்க்காமலே சொன்னாள். "'எப்படி ஒடிஞ்சுச்சு'ன்னு கேட்ட மொத ஆளு இவருதான். அப்படியே பழகிப் போச்சு. அன்னைக்கி ராமர வத்தலக்குண்டுக்கு அனுப்பிட்டு இவர வரச் சொன்னேன். என் வீட்டுக்காரரு திண்டுக்கல்லுல இருந்து வெள்ளனே திரும்பிட்டாரு. கார் ஷெட்டுல பாத்துட்டாரு. என்னைய அடிக்கக் கைய ஓங்கினாரு... இவரு ஜாக்கி லிவர எடுத்தாரு."

"வாயை மூடு!" என்று கத்தினார் டாக்டர்.

"நீங்க மூடுங்க. மெதுவா அவரு கதைய முடிச்சுரலாம்னு பாத்தீங்க, வார்டுல எந்நேரமும் சிஸ்டருங்க நின்னாங்க. அப்புறம் 'எப்படியும் ஒரு நாள் பேசிருவான், பேசுறதுக்கு முன்னாடி பேர மாத்திரணும்'னு சொன்னது நீங்கதானே?"

லூர்துசாமி கைவிலங்கை எடுத்தார். அதன் பிறகு டாக்டர் ஒரு சொல் பேசவில்லை.

வாசலைத் தாண்டும்போது சண்முகவள்ளி நின்றாள்.

"டீச்சர், அவருக்கு மறுபடி பேச்சு வந்தா மொதல்ல என்ன வசவு வரும்னு எனக்குத் தெரியும். அதத்தான் ஒம்போது வருசமா ராவும் பகலுமா கேட்டேன். அதையும் நீங்கதான் திருப்பிக் குடுக்கப் போறீங்க."

சகாயராணி அவள் எதிரே போய் நின்றாள்.

"உங்கள அடிச்சதுக்கு அந்த ஆளு மேல கேஸ் குடுக்கணும்னு வந்திருந்தா, உங்க கையப் புடிச்சுக்கிட்டு நானே ஸ்டேஷன் வாசல்ல நின்னிருப்பேம்மா. சத்தியமா! ராமரு உங்கள என்ன செஞ்சாரு?"

சண்முகவள்ளி நிஜமாகவே யோசித்தாள்.

"டிரைவர்தானே டீச்சர்..." என்றாள்.

சகாயராணி அறையக் கையை விரித்தாள். இறுக்கினாள். ஒன்றும் செய்யாமல் வழி விட்டாள்.

*

ஆறு மணிக்கு ராமர் வந்தார். உதடு வீங்கி, முன்பல் ஒன்று இல்லாமல். யாரோ கொடுத்த போலீஸ் கம்பளியைப் போர்த்தியிருந்தார்.

"ஐயா எப்படி இருக்காரு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அன்னக்கொடி அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "வாய மூடிக்கிட்டு நட."

"அன்னக்கொடி..." என்று கூப்பிட்டாள் சகாயராணி. "நான்... தெரியாமத்தான்..."

"நீ கட்டுன முடிச்ச நீயே அவுத்த. அதுக்கு நான் கும்பிடு போடணுமா?"

"வேணாம்."

"எம் புருசன் பல்லு திரும்ப மொளைக்காது டீச்சரு."

இருவரும் பனிக்குள் இறங்கிப் போனார்கள். சகாயராணி வராந்தாவிலேயே நின்றாள். உள்ளே வார்டில் குருநாதன் இரண்டு மணி நேரமாய் எதுவோ சொல்ல முயன்று முக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு அவருக்கு வகுப்பு. அந்த ஒரு பக்கம் விழுந்த, வாயில்லாத, பொண்டாட்டிக்குச் சூடு போட்ட மனுஷனை அவள்தான் பேச வைக்க வேண்டும்.

அவள் தொழில் அது. காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

உள்ளே டெலிபோன் அலறியது.

"லூர்துசாமிம்மா! பெரிய தொல்லையாப் போச்சு. ஸ்டேஷனுக்கு வந்ததுல இருந்து டாக்டர் வாயே தொறக்க மாட்டேங்கறாரு. பேரக் கேட்டாக் கூட முழிக்கிறாரு. நீங்க இதுல எக்ஸ்பர்ட் ஆச்சே... ஒரு எட்டு வந்து கொஞ்சம் பேச வெச்சுட்டுப் போறீங்களா?"

சகாயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பேச முடியாதவங்களுக்குத்தான் சார் நான். பேச மாட்டேங்கறவங்களுக்கு... கவர்மெண்ட்டு உங்களைத்தானே சம்பளம் குடுத்து வெச்சிருக்கு!"